தீர்மானம் உடைந்த மறுநாள் என்ன செய்வது?

புத்தாண்டுத் தீர்மானம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எழுத வந்தது வேறொரு நாளைப் பற்றி. ஜனவரி 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் நடப்பேன் என்று சொன்னவர் மூன்று நாளாக நடக்கவில்லை. நான்காவது நாள் அலாரம் அடிக்கிறது, விழிப்பும் வந்துவிட்டது, ஆனால் எழுந்திருக்காமல் 'சரி, இந்த வருஷமும் அவ்வளவுதான்' என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார். நடக்காத மூன்று நாளில் தீர்மானத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, போர்வையை இழுத்த அந்த நிமிஷத்தில்தான் அது முடிந்துபோகிறது. அந்த நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் நிறையத் தீர்மானங்களைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார். முதல் வாரத்தைத் தாண்டியவர்கள் 77 சதவீதம், இரண்டு வருஷம் கழித்தும் தீர்மானத்தோடு இருந்தவர்கள் 19 சதவீதம். இந்த இரண்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, தீர்மானமெல்லாம் வீண்' என்று பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது: ஜெயித்தவர்களிலேயே 53 சதவீதம் பேர் நடுவில் ஒரு தடவையாவது சறுக்கியிருந்தார்கள், அந்த இரண்டு வருஷத்தில் சறுக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14. பதினான்கு தடவை! ஜெயித்தவர்களும் விழுந்து விழுந்துதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை விட்டதற்காக 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று உட்கார்ந்துவிடும் நாம், அவர்கள் கணக்கில் முதல் தடங்கலையே இப்போதுதான் பார்த்திருக்கிறோம்.

ஆகவே சறுக்காமல் இருப்பது எப்படி என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். விட்டால் எத்தனை சீக்கிரம் திரும்பி வருவது, அதைப் பார்ப்போம்.

ஒரு நாள் ஏன் ஒரு வருஷத்தை விழுங்குகிறது

'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்பார்கள். தீர்மானங்களைக் கொல்வது இந்த ஒரு நினைப்புதான். 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்தார்கள், அப்புறம் ஐஸ்கிரீம் வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஏற்கெனவே குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வழக்கமாகக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிட, குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'இன்றைய கட்டுப்பாடுதான் போய்விட்டதே, இனி என்ன' என்ற எண்ணம் வந்துவிட்டது. பசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் போதைப் பழக்கங்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் இதை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தார். ஒரு தடவை தவறுவது வேறு, பழையபடி முழுதாகத் திரும்பிப் போவது வேறு என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். தவறிய ஆள் காரணத்தை எங்கே போடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. 'எனக்கு மனஉறுதியே கிடையாது' என்று தன் குணத்தின் மேல் பழியைப் போட்டால் அதற்கு மருந்தே இல்லை, குணத்தை நாளைக் காலைக்குள் மாற்ற முடியாதே. 'நேற்று இரவு ஒரு மணிக்குத்தான் தூங்கினேன், ஐந்து மணி அலாரம் வேலைக்காகவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். இதைச் சரிசெய்யலாம், இன்றிரவே சரிசெய்யலாம்.

முதலில் செய்ய வேண்டியது இதுதான். விட்ட அன்றே, முடிந்தால் விட்ட அந்த மணி நேரத்திலேயே, ஒரே ஒரு வரி எழுதுங்கள். என்ன நடந்தது, எந்த நேரம், யார் கூட இருந்தார்கள், அதற்கு முன்னால் என்ன மனநிலை. உங்களைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் அந்த வரியில் வரக்கூடாது. 'சோம்பேறித்தனம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள், அது காரணமே இல்லை, வசவு. நார்கிராஸின் ஆய்வில் சறுக்கல்களுக்கு முன்னால் பெரும்பாலும் இருந்தவை, நிலைமை கைமீறிப்போன உணர்வு, அதிகப்படியான மனஅழுத்தம், கோபம் வருத்தம் போன்ற உணர்ச்சிகள். உங்கள் வரியிலும் இவற்றில் ஒன்று எட்டிப்பார்க்கும்.

மறுநாள் காலை

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். காலையில் 40 நிமிஷம் நடப்பது என்று ஆரம்பித்த வருஷம் அது. பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போனது, நாட்காட்டியில் பன்னிரண்டு டிக். பதின்மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுக்கை. காய்ச்சல் விட்ட மறுநாள் ஷூவைத் தேடினால் யாரோ பெருக்கும்போது கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டிருக்கிறார்கள், குனிந்து எடுத்தால் லேஸ் அவிழ்க்காமல் கழற்றிய முடிச்சு அப்படியே இறுகிக் கிடக்கிறது. அந்த முடிச்சை நகத்தால் நோண்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த இரண்டு நிமிஷத்தில், போக வேண்டாம் என்பதற்கு எனக்கு ஏழெட்டுக் காரணம் தோன்றிவிட்டது. உடம்பு இன்னும் தேறவில்லை, இனிமேல் போனாலும் 40 நிமிஷம் முடியாது, பேசாமல் பிப்ரவரி 1 முதல் புதிதாக ஆரம்பித்தால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

அந்தக் கடைசிக் காரணம் இருக்கிறதே, அதுதான் மிக ஆபத்தானது.

முடிச்சு அவிழ்ந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பினேன், எட்டு நிமிஷம். டிக் போட மனம் வரவில்லை, ஒரு அரை வட்டம் போட்டேன். மறுநாள் பதினைந்து நிமிஷம், இன்னொரு அரை வட்டம். நாலைந்து நாளில் பழைய 40 நிமிஷத்துக்கு வந்துவிட்டேன். இப்போது யோசித்தால், அந்த வருஷத்தைக் காப்பாற்றியது பன்னிரண்டு டிக் கிடையாது, அந்த எட்டு நிமிஷம்தான்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடங்களை உங்களுக்குச் செய்முறையாகச் சொல்கிறேன். உங்கள் தீர்மானத்துக்கு ஒரு குட்டி வடிவத்தை இப்போதே முடிவுசெய்து வையுங்கள், உடம்பு சரியில்லாத, வேலை கழுத்தை நெரிக்கிற, வீட்டில் சண்டை நடந்த நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக. அரை மணி நேரம் படிப்பது என்றால் அதன் குட்டி வடிவம் ஒரு பக்கம். புது மொழி கற்பது என்றால் ஐந்து சொல். மாதம் ஒரு தொகை சேமிப்பது என்றால், இயலாத மாதத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு. இதனால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று கேட்கலாம். உடம்புக்கும் சேமிப்புக்கும் உடனே பெரிதாக ஒன்றும் நடக்காதுதான், ஆனால் விட்ட நூலை மறுபடி கையில் பிடித்துவிடுவீர்கள், இந்த நாளின் வேலை அது மட்டும்தான்.

அடுத்தது, பாக்கியை வசூலிக்காதீர்கள். மூன்று நாள் அரை மணி நேரம் விட்டதற்கு இன்று ஒன்றரை மணி நேரம் கூடுதல் என்று கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் போட்டிருக்கிறேன். மறுநாள் உடம்பெல்லாம் வலி, அதற்கு மறுநாள் வெறுப்பு, அப்புறம் மொத்தமாக நின்றுவிடும். உணவுக் கட்டுப்பாட்டில் இது இன்னும் மோசம், நேற்று அதிகம் சாப்பிட்டோம் என்று இன்று பட்டினி கிடந்தால் ராத்திரி அந்தப் பசியே மறுபடி கட்டுப்பாட்டை உடைக்கும். போன நாள் போனதுதான். இன்றைக்கு உரியதை மட்டும் செய்யுங்கள்.

அப்புறம் இந்தத் 'திங்கட்கிழமையிலிருந்து' விஷயம். புது ஆரம்பத்துக்கு ஒரு ஈர்ப்பு இருப்பது உண்மை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரம், மாதம், வருஷம் பிறக்கும்போதெல்லாம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் கூடுவதும், உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி இணையத்தில் தேடுவது அதிகரிப்பதும் தெரிந்தது. அந்த ஈர்ப்பைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், நாளையே திங்கட்கிழமையாக இருந்தால். செவ்வாயன்று விட்டுவிட்டு அடுத்த திங்கள் வரை காத்திருந்தால், நடுவில் உள்ள நாட்களுக்கு நீங்களே லீவு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள், பழைய பழக்கம் அந்த ஒரு வாரமும் தடையில்லாமல் வேர் பிடிக்கும். அடுத்த வாய்ப்பு எப்போதோ, அப்போதே திரும்பிவிட வேண்டும். காலையில் விட்டது என்றால் அன்று மாலை.

தடங்கலுக்கும் திட்டம் போட்டு வையுங்கள்

தீர்மானம் எடுக்கும்போது நாம் நல்ல நாட்களை மட்டும் மனதில் வைத்து எடுக்கிறோம். மழை, பயணம், விருந்தினர், தலைவலி, அலுவலகத்தில் கடைசி நிமிஷ வேலை, இதெல்லாம் வராத ஒரு வருஷம் யாருக்கும் அமைந்ததில்லை. ஆகவே தடங்கலையும் சேர்த்தே எழுதுங்கள். 'இப்படி ஆனால், அப்போது இதைச் செய்வேன்' என்ற ஒரே அமைப்பில் எழுதினால் போதும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருஷமாக ஆராய்ந்த முறை இது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்து அலசியபோது, சும்மா 'செய்வேன்' என்று நினைத்தவர்களைவிட, எப்போது எங்கே எப்படி என்று இந்த அமைப்பில் முடிவுசெய்தவர்கள் கணிசமாகக் கூடுதலாகச் சாதித்தது தெரிந்தது. அந்த நேரம் வரும்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை, முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. களைத்துப்போன ஆள் யோசிக்க ஆரம்பித்தால் எப்போதும் பழைய பழக்கத்தின் பக்கம்தான் சாய்வார்.

சில மாதிரிகள். மழை பெய்தால், வீட்டுக்குள் பத்து நிமிஷம் படி ஏறி இறங்குவேன். படுக்கையில் கை போனைத் தேடினால், எழுந்து போய் அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வருவேன். நண்பர் சிகரெட்டை நீட்டினால், 'விட்டுட்டேன்' என்று சொல்லி அந்த இடத்தைவிட்டு நகர்வேன். ('விட முயற்சி பண்றேன்' என்று சொல்லாதீர்கள், அது 'இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்' என்று சொல்வதைப் போல.) இவற்றில் மூன்று எழுதினால் போதும். இருபது எழுதினால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. எந்த மூன்று என்று தெரியவில்லையா? விட்ட நாட்களில் எழுதிய அந்த ஒற்றை வரிகளைப் புரட்டுங்கள், தடங்கல் எங்கிருந்து வருகிறது என்று அவையே சொல்லும்.

21 நாள் கதை

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று கேட்டிருப்பீர்கள். இதனால் எத்தனை பேர் மனம் உடைந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வாய்மொழியாகப் பரவும்போது எங்கோ தொலைந்துபோய், முகத்துக்குச் சொன்னது எல்லாவற்றுக்குமான விதியாகிவிட்டது.

லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு சின்னச் செயலை தினமும் ஒரே சூழலில் செய்து, யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர எவ்வளவு நாள் ஆகிறது என்பதுதான் கேள்வி. நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாள் முதல் 254 நாள் வரை போனது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரை கவனித்ததை வைத்துப் போட்ட கணிப்பு). 22ஆம் நாளும் உங்களுக்குக் கஷ்டமாகவே இருந்தால் உங்களிடம் ஒரு குறையும் இல்லை, நீங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறீர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டதும் நாட்காட்டியில் மறுபடி 'நாள் 1' என்று எழுதாதீர்கள். 31 நாள் செய்து ஒரு நாள் விட்டவர் 32ஆவது தடவை செய்யப் போகிறார், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தச் சலுகை நடை, படிப்பு, சேமிப்பு மாதிரி விஷயங்களுக்கு. புகையிலையையோ மதுவையோ விடுகிறவர் 'ஒன்றுதானே' என்று திட்டம் போட்டு எடுக்கக் கூடாது. தவறி எடுத்துவிட்டால் மீதிப் பாக்கெட்டை அந்த நிமிஷமே நனைத்துத் தூக்கிப் போடுங்கள், நாளை காலை வரை கையில் வைத்திருக்காதீர்கள். நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவை உதவும், மருத்துவரிடம் கேளுங்கள். பல காலமாக தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று தானாக நிறுத்துவது உடம்புக்கே ஆபத்து, வலிப்புகூட வரலாம். கட்டாயம் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உடைந்தால்

ஒரே காரணத்தால் மூன்று தடவை விட்டுப்போனால், திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனஉறுதியை இன்னும் இறுக்கிப் பிடிப்பதில் பயனில்லை. மாலையில் வேலை முடிந்து வந்து பயிற்சி செய்வதாக எழுதியிருப்பீர்கள், மூன்று வாரமும் புதன்கிழமை தாமதமாகிறது. அப்படியானால் புதனை எடுத்துவிடுங்கள், அல்லது அன்று மட்டும் காலைக்கு மாற்றுங்கள். தீர்மானத்தைத் திருத்துவது தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, டிசம்பர் கடைசியில் எழுதியபோது தெரியாத விஷயம் பிப்ரவரியில் தெரிந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தாவிட்டால்தான் தப்பு.

எழுதிய விதத்தையும் ஒரு தடவை பாருங்கள். 2020இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் 1,066 பேர் கலந்துகொண்டார்கள். ஒன்றைத் தவிர்ப்பதாகத் தீர்மானித்தவர்களில் 47.1 சதவீதம் பேரும், புதிதாக ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேரும் வருஷக் கடைசியில் ஜெயித்ததாகச் சொன்னார்கள். 'ராத்திரி போன் பார்க்க மாட்டேன்' என்பதை 'ராத்திரி பத்து மணிக்குப் புத்தகம் எடுப்பேன்' என்று மாற்றுவது சின்னத் திருத்தம்தான், ஆனால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

உங்களை நீங்களே திட்டிக்கொள்வதையும் நிறுத்த வேண்டும், இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்திருந்தது. திட்டிக்கொண்டே இருந்தால் அந்த வேலையை நினைத்தாலே மனம் கசக்கும், கசப்பதை யார்தான் தேடிப் போய்ச் செய்வார்கள்?

கூட இருப்பவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நான் காய்ச்சலுக்குப் பிறகு திரும்பி வந்ததில் என் அக்காவுக்கும் பங்கு உண்டு. 'ஏன்டா போகல?' என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 'நாளைக்கு எத்தனை மணிக்குடா கிளம்புறே?' என்றுதான் கேட்டாள். முதல் கேள்விக்கு நான் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன், இரண்டாவதற்கு ஒரு மணியைச் சொல்லியாக வேண்டியிருந்தது. உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் இந்த இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள், அதுவும் விட்ட நாட்களில் மட்டும் கேட்டால் போதும்.

நாட்காட்டியில் இனிமேல் எத்தனை நாள் தொடர்ந்து செய்தீர்கள் என்று எண்ணுவதோடு, ஒவ்வொரு இடைவெளியும் எத்தனை நாள் நீண்டது என்றும் குறித்து வையுங்கள். முதல் இடைவெளி ஐந்து நாள், அடுத்தது மூன்று, அதற்கடுத்தது ஒன்று என்று குறைந்துகொண்டே வந்தால், டிக் குறைவாக இருக்கும் மாதத்தில்கூட நீங்கள் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் தீர்மானம் விட்டுப்போய்க் கிடக்கிறது என்றால், இன்றிரவு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விட்டதற்கான அந்த ஒரு வரியை எழுதுங்கள். நாளைக்கான குட்டி வடிவத்தை அதன் கீழே எழுதுங்கள், பத்து நிமிஷத்தைத் தாண்டாமல். தேவையான பொருளைக் கண்ணில் படும் இடத்தில் எடுத்து வையுங்கள். ஷூவாக இருந்தால் கதவுக்குப் பக்கத்தில், லேஸை அவிழ்த்து.